தேவாரத்தில் ஒரு சீட்டுக் கச்சேரி

"தேவாரத்துக்குப் போகிறேன்" என்று ஆபீஸில் சொன்னதும், "எந்தக் கோவிலில்? யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டார் அடுத்த மேஜைக்காரர். நேயர்களிலும் சிலருக்கு அந்தச் சந்தேகம் வரலாம். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தேவாரம் வேறு. நான் போன தேவாரம் தேனி ஜில்லாவில், உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் அண்ணாந்து பார்த்தால் மலை. குனிந்து பார்த்தால் திராட்சைப் பந்தல். நடுவில் காற்று. அந்தக் காற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையில் அதற்கும் ஒரு பாத்திரம் உண்டு.

இப்போதெல்லாம் போவது சுலபம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போய்க்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயிலை 2010-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அகலப் பாதை 2022-ல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்தே போடிக்கு நேர் ரயில் இருக்கிறது. போடியில் இறங்கி, சிலமலை, ராசிங்காபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக இடம் கிடைத்தால் அது பாக்கியம். கையோடு ஒரு ஸ்கார்ஃப் கொண்டு போங்கள். ஆடி மாதமானால் தலைப் பின்னல் பின்னலாக ஊர் போய்ச் சேராது.

ஆசிரியர் என்னை அனுப்பியது திராட்சையைப் பற்றி எழுத. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் விசேஷம். 1895-ல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. அதிலிருந்து பிரியும் 18-ஆம் கால்வாய் தேவாரத்துப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் தண்ணீர் கொடுப்பதற்காக வெட்டியது. கொஞ்சம் தள்ளிப் போனால் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். அதற்கு அப்பால் கோம்பை, நாய் ஜாதிக்குப் பெயர் கொடுத்த ஊர். இதையெல்லாம் குறித்துக்கொண்டுதான் போனேன். திராட்சை இன்னொரு வாரம் வரும். இந்த வாரம் நான் எழுதப் போவது சீட்டாட்டத்தைப் பற்றி.

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு சுளிக்கலாம்.

திராட்சைத் தோட்டத்துக்கு வழி காட்ட வருவதாகச் சொல்லியிருந்த ஜீப் டிரைவர் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தேன். தேவாரத்திலும் சுற்றுப்பட்டிலும் பல வீடுகளில் காலை நேரத்தில் ஆண், பெண் இரண்டு பேரையும் பார்க்க முடியாது. ஏலக்காய் எஸ்டேட்டுகள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி ஜில்லாவில் இருக்கின்றன. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. அதைச் சாலையாக்கினால் அரை மணியில் போகலாம் என்று இந்த ஜனங்கள் வருஷக் கணக்கில் கேட்டு வருகிறார்கள். சாலை வரவில்லை. ஆகவே போடி வரை போய், 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். அல்லது கம்பம் மெட்டு வழி. தலைக்கு மேலே தெரிகிற இடத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவது!

ஆக, வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அப்பத்தா. இன்னொருத்தி எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பத்தா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பேத்தி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவள் திண்ணையின் மறுகோடியில் தனியாக உட்கார்ந்து, தன்னோடு தானே ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். முன்னால் வரிசை வரிசையாகக் காகிதத் துண்டுகள். கணக்கு நோட்டின் அட்டையை ஒரே அளவில் கத்தரித்து, நீல மையில் எழுதியவை. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு புளியங்கொட்டை, சிலதின் மேல் ஐந்தாறு. பக்கத்து ஊர் சிந்தலைச்சேரி புளிக்குப் பேர் போனது; கொட்டைக்குப் பஞ்சமில்லை. பல்லாங்குழியோ தாயமோ என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் படித்தால் துண்டுகளில் எல்லாம் வாயில் நுழையாத ஜப்பானியப் பெயர்கள்.

"என்ன பாப்பா இது?"

"போக்கிமான், அக்கா. பிராக்டிஸ்."

"கொட்டை எதுக்கு?"

"ஒரு கொட்டைன்னா பத்து அடி. காத்துக்குச் சீட்டும் பறக்காது."

நமது வீடுகளில் பையன்களும் பெண்களும் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு ஜப்பானியக் கற்பனை. விசித்திரப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கிச் சண்டைக்கு விடுவது. அதைச் சீட்டு விளையாட்டாக ஜப்பானில் 1996-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னோடி அமெரிக்காவில் 1993-ல் வந்த "மேஜிக்" என்ற ஆட்டம். அதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சேர்த்தும் மாற்றியும் கொள்ளும் சீட்டுகளை வைத்து ஆடும் இந்த ஆட்டங்களுக்கு இன்று உலகப் போட்டியே நடக்கிறது. போக்கிமானுக்கு 2004-லிருந்து உலகப் போட்டி உண்டு. 2025-ல் அது அமெரிக்காவில் அனஹைம் நகரத்தில் நடந்தது.

நமக்கும் இது ரொம்பப் புதிதல்ல. தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் அச்சடித்த லேபிளைப் பக்குவமாகக் கிழித்து, இந்தப் படத்துக்கு இத்தனை மதிப்பு என்று தெருவுக்குத் தெரு சட்டம் போட்டு, அண்ணன் தம்பிகள் சண்டை போட்டதை எந்தச் சகோதரி மறந்திருப்பாள்? அப்புறம் கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட சீட்டு வந்தது. குஸ்தி வீரர்கள் படம் வந்தது. இதெல்லாம் அதே வம்சந்தான்.

ஆட்டத்தை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

ரம்மியோ கழுதையோ ஆடும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதில் அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு, அதை வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுவர வேண்டும். சரியாக 60 சீட்டு. ஒரே பெயருள்ள சீட்டு 4-க்கு மேல் கூடாது. சாதாரணச் சக்திச் சீட்டு மட்டும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அதாவது சமையல் போட்டிக்கு அவரவர் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டு வருவது மாதிரி. பெட்டியில் என்ன வைக்கிறோம், என்ன வைக்காமல் விடுகிறோம் என்பதிலேயே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது. ஆட்டம் தொடங்கும்போது 7 சீட்டு கைக்கு. 6 சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். அவை பரிசுச் சீட்டுகள். எதிராளியின் பிராணியை வீழ்த்தும்போது தன் பரிசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் முதலில் எடுத்து முடிப்பவர் ஜெயித்தவர். வேறு வழிகளிலும் ஜெயிக்கலாம். அதெல்லாம் பிள்ளைகளைக் கேளுங்கள், அரை நாள் சொல்வார்கள்.

நான் அதிசயித்தது ஆட்டத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பெண் பழகிய விதத்தைப் பார்த்துத்தான். அவள் ஆடவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கலைப்பாள். ஏழு சீட்டை எடுப்பாள். பார்ப்பாள். ஒரு நோட்டில் கோடு போடுவாள். மறுபடி எல்லாவற்றையும் சேர்த்துக் கலைப்பாள். மறுபடி ஏழு. மறுபடி கோடு. பத்து நிமிஷம் பார்த்த எனக்கே அலுத்துவிட்டது.

"ஆட மாட்டியா நீ?"

"இந்தச் சீட்டு நாலு வச்சிருக்கேன் அக்கா. முதல் ஏழுல ஒண்ணாவது வருதான்னு பாக்கறேன். நூறு தடவை பாக்கணும்."

"எத்தனை வந்தது?"

நோட்டைப் புரட்டினாள். "நேத்து நூத்துக்கு நாப்பத்து மூணு."

அன்றிரவு லாட்ஜில் உட்கார்ந்து நான் காலேஜில் படித்த கணக்கைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்தேன். 60 சீட்டில் 4 சீட்டு. கைக்கு வருவது 7. அதில் ஒன்றாவது அகப்படுவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 100-க்கு 40. அவள் பேனாவால் கோடு போட்டுக் கண்டதும் கணக்கு சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாதி தடவைக்கு மேல் அந்தச் சீட்டு கைக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே, அது இல்லாமல் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று அடுத்த பயிற்சி. அதற்கு ஒரு தனி நோட்டு.

இன்னொரு பயிற்சி, இரண்டு பக்கமும் தானே ஆடுவது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இடது பக்கத்துக்காரிக்கு வலது பக்கத்துக்காரியின் கையிலிருப்பது தெரிந்துவிடுமே? "தெரியாத மாதிரி நெனைச்சுக்கணும்" என்றாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் குடியிருந்த கூட்டுக் குடும்பங்களில் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது பரிசுச் சீட்டைக் கண்டுபிடிப்பது. 60-ல் 6 சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது என்றேனே, உங்கள் கட்டில் ஒரே ஒரு பிரதி வைத்திருக்கும் முக்கியமான சீட்டு அந்த ஆறுக்குள் போய் ஒளிந்துகொள்ள, பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒளிந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அதை நம்பி ஆடினால் தொலைந்தது. ஆட்டத்தின் நடுவில் கட்டைப் புரட்டிப் பார்க்க முதல் தடவை அனுமதி கிடைக்கும்போது, சில விநாடிக்குள் எது எது இல்லை என்று மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் பாத்திரம் திரும்பி வந்ததும், ஒரே பார்வையில் "ரெண்டு கரண்டி, ஒரு தூக்குச் சட்டி குறையுது" என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திறமைதான். அப்பத்தா புளியங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி புரட்டி முடித்து ஆறு பெயர் சொன்னாள். கவிழ்த்ததைத் திருப்பிப் பார்த்தோம். ஐந்து சரி, ஒன்று தப்பு. பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது.

கைபேசியிலும் இதை ஆடலாம். அதற்கென்று அதிகாரபூர்வமான செயலி 2023-ல் வெளிவந்தது. ஆனால் வீட்டில் நல்ல கைபேசி அப்பாவினுடையது. அப்பா பகலெல்லாம் மலையில். இரவில் கிடைக்கும் அரை மணியில் அவள் ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடித் தோற்கிறாள். "ஃபோன்ல அதுவே கலைச்சுக் குடுத்துடும் அக்கா. கை பழகாது" என்று குறை வேறு. கலைப்பதும் ஒரு வித்தைதான். 52 சீட்டுள்ள சாதாரணக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விழும்படி கலைத்தால், ஏழு தடவை கலைத்தால்தான் நன்றாகக் கலையும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித நிபுணர்கள் 1992-ல் நிரூபித்தார்கள். இந்தப் பெண்ணின் நோட்டு அட்டைச் சீட்டு அப்படிக் கலைக்கும் அளவுக்கு வளையாது. ஆகவே மேஜையில் பரப்பிப் பிசைகிறாள்.

இவ்வளவும் எதற்கு என்றால், பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் செய்த வேலை. போன கோடை விடுமுறையில் அவளை ஒரு கடைக்கு அழைத்துப் போயிருக்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர்களும் சிறியவர்களும் மேஜை போட்டு ஆடுகிறார்களாம். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் சின்னதாக ஒரு போட்டி. "வர்றியா?" என்று மாமன் கேட்டான். வீட்டில் புயல் கிளம்பியது.

புயலின் பெயர் அப்பத்தா.

"தாயி, உனக்குத் தெரியாது" என்று என்னிடம் ஆரம்பித்தாள். "இவ தாத்தா இருந்தாரே, தங்கமான மனுசன். கையில சீட்டு விழுந்துச்சுன்னா ஆள் மாறிப் போவாரு. கெணத்துத் தோட்டம் ரெண்டு குழி இல்ல, ரெண்டு ஏக்கர். சீட்டுலயே போச்சு. இன்னிக்கு எம் மகன் சொந்த ஊர்ல திராட்ச போடாம அடுத்தவன் ஜீப்பு ஓட்டுறானே, ஏன்? அதே சீட்டை இந்தப் புள்ள கையில குடுக்கச் சொல்றியா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கிழவி சொல்வது வெறும் பழைய பஞ்சாங்கம் அல்ல. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் சீரழிந்தது என்று நம் பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறோம். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடை செய்து சட்டம் போட்டது. ஆனாலும் சீட்டு என்றால் சூது மட்டுந்தான் என்று சொல்லிவிட முடியாது. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்காக இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வாங்கி வந்தவர்கள் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்ற இரண்டு வங்காளிகள். ஒருவருக்கு வயது 60. இதை அப்பத்தாவிடம் சொன்னேன்.

"தங்கமா? சீட்டு ஆடியா?" என்றாள். சற்று யோசித்தாள். "எத்தனை பவுன்?"

சென்னை ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதையும், அதே வருஷம் டிசம்பரில் 18 வயதுக் குகேஷ் சதுரங்க உலகச் சாம்பியனானதையும் சொல்லிப் பார்த்தேன். சதுரங்கம் என்றதும் அப்பத்தாவுக்குத் திருப்தி. "அதை ஆடச் சொல்லு. அதுல சீட்டு இல்லையே!"

பொழுது சாய்ந்ததும் ஜீப் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். ஏலச்செடியின் காய் கிளையில் தொங்குவதில்லை. தூரில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் உட்கார்ந்தும் பறித்துவிட்டு வருகிறவளுக்கு நிமிரவே சிறிது நேரம் ஆயிற்று. விரலில் ஏலக்காய் வாசனை, நகக்கண்ணெல்லாம் கறை. எந்தக் காய் பக்குவம், எதை அடுத்த பறிப்புக்கு விட வேண்டும் என்று தொட்ட மாத்திரத்தில் தெரிய வேண்டும். பிஞ்சைப் பறித்தால் காய்ந்ததும் சுருங்கிப் போகும். போடியில் அந்தக் காயைச் சலித்து ரகம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். இப்போது ஏலமும் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொன்னவள் அவள்தான். அவளுடைய தீர்ப்பை நான் ரசித்ததுபோல் சமீபத்தில் எதையும் ரசித்ததில்லை. ஆகவே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இவள் மகளும் எல்லாப் பிள்ளைகளையும் போல் தெருமுனைப் பெட்டிக் கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள். தங்க நிறத்தில் மின்னும் சீட்டு. அத்தனையும் போலி. நிஜச் சீட்டைக் கிழித்தால் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு தெரியும்; போலியில் பெரும்பாலும் இருக்காது. மாமன் ஒன்றைக் கிழித்துக் காட்டியபோது பெண் அழுதிருக்கிறாள். சரி, நிஜப் பாக்கெட் வாங்கலாம் என்றால் அதன் விலை பல மடங்கு. அதிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கியதில் வேண்டாத சீட்டாகவே வரலாம்.

"அக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள் அம்மா. "ஆடறதுல சூது இல்லை. கலைச்சு எடுக்கறதுல கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கு, அது எதுலதான் இல்லை? சூது எங்க இருக்குன்னா, அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கிறதுல இருக்கு. காசைக் கட்டு, உள்ளே என்ன இருக்குன்னு கேக்காதேன்னா, அது எங்க மாமனார் ஆடுனதேதான்."

பேஷ்! இந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியிருக்கவில்லை. போட்டிக்கென்று ஆடுகிறவர்கள் பலரும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்: பாக்கெட் வாங்குவதில்லை. வேண்டிய சீட்டை மட்டும் பெயர் சொல்லி, தனித் தனியாக விலை பேசி வாங்குகிறார்கள். பழகுவதற்குக் காகிதச் சீட்டே போதும். உலகம் பூராவும் ஆட்டக்காரர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள். போட்டிக்கு மட்டும் காகிதம் செல்லாது, அசல்தான் வேண்டும். அதுவும் ஒரே மாதிரியான உறை போட்டு. ஓர் உறையில் கீறல் இருந்தாலும் அடையாளம் வைத்ததாகச் சந்தேகம் வரும்.

ஆகவே அம்மா மூன்று நிபந்தனை போட்டாள். பாக்கெட் வாங்கக் கூடாது. காசு வைத்து யாரோடும் ஆடக் கூடாது. நூறு தடவை காகிதத்தில் ஆடிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் அசல் சீட்டு. இரண்டு மாதத்தில் பெண் தன் ஜாபிதாவை ஆறு தடவை மாற்றிவிட்டாளாம். முதல் ஜாபிதாப்படி வாங்கியிருந்தால் பாதிக்கு மேல் தண்டம். கடைசி ஜாபிதாவுக்கு மாமன் விசாரித்ததில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி மாமன் கொடுப்பது. மீதி அம்மாவின் மலைக் கூலியிலிருந்து.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு ஆறவில்லை. ஒவ்வொரு வருஷமும் பழைய சீட்டில் ஒரு பகுதியைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். புதிது வாங்கினால்தான் ஆட முடியும்.

"அப்ப இப்ப வாங்குறது?"

"கொஞ்சம் செல்லாம போயிரும்மா."

"ஐந்நூறு ரூவா நோட்டு மாதிரியா?" என்றாள். 2016 நவம்பரை அவள் மறக்கவில்லை.

வியாபாரிகள் அவ்வளவு சுலபத்தில் விடுவார்களா? சேலைக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்கும் தெரிகிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிள்ளைகள் இதை ஆடலாம். ஆனால் வீட்டில் இப்படிக் கணக்குக் கேட்க ஓர் அம்மா இருக்க வேண்டும். அம்மாவுக்கு நேரமில்லாத வீடுகளில் பாக்கெட்டுகள் மலையாகக் குவிவதைச் சென்னையிலேயே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை, திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். அந்த வழியிலேதான் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மக்னா யானை தோட்டம் தோட்டமாக இறங்கி நாசம் செய்துகொண்டிருந்தது. 2019-ல் அதைப் பிடிக்க வனத்துறையினர் கும்கி யானைகளைக் கொண்டுவந்தார்கள். டிரைவர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு அந்த ஆட்டம் ஒண்ணும் புரியலைங்க. ஆனா, ஜீப்புல பதினஞ்சு பேர் ஏறுனா யாரு வரலைன்னு அவதான் சொல்றா" என்றார். பதினைந்து பேரை ஜீப்பில் ஏற்றலாமா என்று நான் கேட்கவில்லை. பந்தலுக்குள் நுழைந்ததும் காற்று குறைந்தது; பன்னீர் வாசனை. அதைப் பற்றித் தனியாக எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது பெண் என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அக்டோபர் முதல் வாரத்தில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு பேசியும் விட்டேன். இந்தப் போட்டிகளில் ஒரு நல்ல வழக்கம்: முதல் ஆட்டத்தில் தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஜெயித்தவரோடு ஜெயித்தவரும் தோற்றவரோடு தோற்றவரும் மோதி, எல்லோரும் எல்லாச் சுற்றும் ஆடுகிறார்கள். சுற்றுக்கு 30 நிமிஷம். ஐந்து சுற்றில் அவள் இரண்டு ஜெயித்தாள், இரண்டு தோற்றாள், ஒன்று நேரம் முடிந்து சமன். ஒரு காலேஜ் பையனை ஜெயித்ததில் ரொம்பப் பெருமை. தோற்றதில் ஒன்று, அவள் ஒற்றைப் பிரதியாக வைத்திருந்த சீட்டு பரிசுக்குள் போய் ஒளிந்துகொண்டதால். "ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் அக்கா. கண்டுபிடிச்சும் ஒண்ணும் பண்ண முடியல" என்றாள்.

கலந்துகொண்டதற்காக இரண்டு பாக்கெட் கொடுத்தார்களாம். பிரிக்காத பாக்கெட். அம்மாவின் நிபந்தனை வாங்கக் கூடாது என்பதுதான். கொடுத்தால் பிரிக்கலாமா கூடாதா என்று அவள் சொல்லவில்லை. ஆகவே இரண்டும் சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன.

அப்பத்தாதான் தினமும் கேட்கிறாளாம், "உள்ள என்னதான் இருக்குன்னு ஒண்ணைப் பிரிச்சுப் பாரேன்டி" என்று.